என் பக்கங்கள்தான் சிவந்தன

அவளுடைய ஆங்கிலத்தின் மேல்தான் எனக்கு முதலில் பொறாமை வந்தது. பதுளையில் நான் விரிவுரையாளராக இருக்கும் பல்கலைக்கழகத் துறைக்கு அவள் வந்து சேர்ந்த முதல் வாரமே, அவள் எழுதிய ஒரு பத்தியை எங்கள் பேராசிரியர் துறைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினார். ஆறு வருடங்களில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் அப்படி வாசித்ததில்லை.

அவள் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிட நான்கு வயது இளையவள். வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருந்தாள். நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். அவள் என்னை "அக்கா, அக்கா" என்று சுற்றி வருவாள். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கென்று ஏதாவது பலகாரம் கொண்டுவருவாள். அதையும் வாங்கித் தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன்.

பேராசிரியர் எங்கள் இருவரையும் ஒரே ஆய்வில் சேர்த்தார். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் குடிதண்ணீர்த் தட்டுப்பாடு பெண்களின் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் விஷயம். லயம் லயமாக ஏறி இறங்கி, அட்டைக்கடி பட்டு, பேட்டி எடுத்தது பெரும்பாலும் நான். அவள் வந்தது இரண்டே நாள். வந்த இடத்தில் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள், குழந்தைகளைத் தூக்கினாள், சிரித்தாள். எழுதும்போது பங்கு பிரித்துக்கொண்டோம். தோட்டங்களின் பின்னணியும் ஆய்வு முறையும் என்னுடையவை. முன்னுரை, அலசல், முடிவுரை எல்லாம் அவளுடையவை.

வரைவு முடிந்ததும் பேராசிரியர் அவளுடைய முடிவுரையை இரண்டு தடவை புகழ்ந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இவ்வளவு அழகான ஆங்கிலம் சொந்தமாக எப்படி வரும்? எங்கிருந்தோ எடுத்திருக்கிறாள். எடுத்திருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டது.

அவருடைய அறைக்குப் போனேன். "சேர், அனுப்புறதுக்கு முன்னாடி கட்டுரையை ஒருக்கா எழுத்துத் திருட்டுக்குச் செக் பண்ணினா நல்லம். வெளிநாட்டு இதழ்க்காரங்க ரொம்பக் கண்டிப்பு" என்றேன். முகத்தை அக்கறையாக வைத்துக்கொண்டேன்.

"நீங்களே செய்து கொண்டுவாருங்கள்" என்றார் அவர் சிங்களத்தில். எங்கள் பேச்சு இப்படித்தான் இரண்டு மொழியிலும் போகும்.

மாணவர்களின் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் மென்பொருள் என் பொறுப்பில்தான் இருந்தது. பகல் சாப்பாட்டு நேரம், கணினி அறையில் யாரும் இல்லை. கட்டுரையை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். வேறு எங்கேயாவது அச்சாகியிருக்கும் வரிகளை அது சிவப்பில் காட்டும். அவளுடைய முன்னுரை வந்தது. வெள்ளை. அலசலும் வெள்ளை. முடிவுரையில் ஒரு புள்ளி நிறம்கூட இல்லை.

என்னுடைய பின்னணியும் ஆய்வு முறையும் மட்டும் மிளகாய் காயப்போட்ட பாய் மாதிரி சிவந்து கிடந்தன.

முதலில் மென்பொருளில் பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் நான் எடுத்த வரிகள்தான். இரண்டு புத்தகங்களிலிருந்தும் ஒரு பழைய அறிக்கையிலிருந்தும், சொல்லுக்குச் சொல். புத்தகங்களின் பெயர்களைக் கட்டுரையின் கடைசியில் போட்டிருந்தேன். அது போதும் என்று நம்பியிருந்தேன். மேற்கோள் குறி போட வேண்டும் என்று மாணவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பவள். ஆனால் என் கை அப்படிப் பழகவில்லை. எங்கள் தோட்டப் பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகம், அது வாத்தியாரிடம் இருக்கும். அவர் பலகையில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். பரீட்சையில் ஒரு சொல்லை மாற்றினால், "புத்தகத்துல உள்ள மாதிரி எழுதத் தெரியாதா? நீ என்ன புத்தகம் எழுதினவனை விடப் பெரிய ஆளா?" என்று புள்ளியைக் குறைப்பார். மாற்றாமல் எழுதித்தான் நான் பல்கலைக்கழகம் வரை வந்தேன். பெரியவர்கள் ஆங்கிலத்தில் சரியாகச் சொன்ன ஒன்றை என் அரைகுறை ஆங்கிலத்தில் திரும்பச் சொல்வதுதான் எனக்குக் குற்றமாகப் பட்டது.

அறிக்கையை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். பேராசிரியர் காத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அவளையும் கூப்பிட்டார்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் படித்தது விகாரையில், பன்சலைப் பள்ளிக்கூடத்தில். பிக்கு சொல்லித்தந்த கவியை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னால் கெட்டிக்காரன் என்பார்கள், திருடன் என்று யாரும் சொன்னதில்லை. என் முதல் கட்டுரைகளை இந்த மென்பொருளில் போட எனக்கே பயம். ஆனால் இதழ்க்காரர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. மாற்றி எழுதுங்கள்."

அவள் அப்படி நினைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெளியே வந்ததும், அவளும் சேர் மாதிரித்தான் நினைக்கிறாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இல்லக்கா, கோவிக்க வேணாம். பக்கத்துக் கடைக்காரன் நெய்விச்ச சாரியில எங்க கடைச் சீட்டை ஒட்டி வித்தா எங்க வாப்பா என்னைய வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாரு. எனக்கு இது அப்படித்தான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நல்ல காலம் நீங்க செக் பண்ணச் சொன்னது. நம்ம மூணு பேரையும் காப்பாத்திட்டீங்க."

அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்று நான் நிம்மதியாக வீடு போயிருப்பேன்.

என் பகுதியைத் திரும்ப எழுத மூன்று வாரம் எடுத்தது. ஒவ்வொரு வாக்கியமும் நொண்டியது. இடையிடையே அவளுடைய முடிவுரையைத் திறந்து வாசிப்பேன், வயிறு எரியும். அப்படி ஒருநாள் வாசித்தபோதுதான் அந்த வாக்கியத்தில் நின்றேன். தண்ணீரைத் தேர்ந்தெடுத்தால் கூலி இல்லை, கூலியைத் தேர்ந்தெடுத்தால் தண்ணீர் இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. பேராசிரியர் இரண்டு தடவை புகழ்ந்த வாக்கியம். அது அவளுடையது இல்லை. மடுல்சீமையில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா எங்களிடம் சொன்னது: "தண்ணி புடிக்க நின்னா பேரு இல்லங்க. பேருக்குப் போனா தண்ணி இல்லங்க." தோட்டத்தில் ஒருநாள் கூலியைப் 'பேர்' என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்கே அவளிடம் போனேன்.

"இது யாரு சொன்னது?"

"பேட்டியில வந்ததுதானேக்கா. நம்ம டேட்டா."

"எத்தனை குடம் தண்ணின்னு சொன்னா டேட்டா. இது அவங்க யோசிச்சுச் சொன்ன வசனம். புத்தகத்துல அச்சடிச்சிருந்தா எடுத்திருப்பீங்களா? லயத்துல சொன்னதுனால சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. அதில் பாதி நியாயம், பாதி பொறாமை. எது எவ்வளவு என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவள் அந்த வாக்கியத்தைத் திரையில் மறுபடி வாசித்தாள். "எனக்கு இது தோணவே இல்லையேக்கா" என்றாள்.

மறுநாள் காலையில் திருத்திய முடிவுரை வந்தது. அந்த அக்காவின் வசனத்தைத் தமிழ் ஒலியிலேயே எழுதி, கீழே மொழிபெயர்ப்புக் கொடுத்து, இந்த ஆய்வின் முடிவை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, ஒரு தொழிலாளிப் பெண் எங்களிடம் சொன்னார் என்று எழுதியிருந்தாள். 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு பத்தி விளக்கமும் இருந்தது. தோட்டத்தில் பிறந்த எனக்கு அப்படி எழுத வந்திருக்காது. கட்டுரை ஏற்கப்பட்டபோது, அதைப் படித்த மதிப்பீட்டாளர்கள் இருவரும் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார்கள். அதை வைத்தே அவளுக்கு வெளிநாட்டில் ஒரு வருட ஆய்வு இடம் கிடைத்தது. வழியனுப்பு விருந்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க இல்லாட்டி இது இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். நான் சிரித்தேன்.

அச்சான கட்டுரையை எடுத்துக்கொண்டு மடுல்சீமைக்குப் போனேன். அந்த அக்கா வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய வசனம் இருந்த பக்கத்தைக் காட்டி, விரல் வைத்து வாசித்தேன்.

"நான் சொன்னதா? இங்கிலீசுலயா?" என்று சிரித்தார். "எம்பேரு எங்க இருக்கு?"

பேட்டி கொடுத்தவர்களின் பெயரைப் போடக் கூடாது, அவர்களைப் பாதுகாக்க அப்படி ஒரு விதி இருக்கிறது என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சரியாகப் படவில்லை.

"சரிங்க, விடுங்க" என்றார். எனக்குப் பின்னால், பாதையில் யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வரலையா? எங்கூட அடுப்படியில உக்காந்து ரொட்டி தின்னுச்சே, அந்தப் புள்ள."

"வெளிநாடு போயிட்டாங்க."

"அப்படியா! எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை அவளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.