ஏழாம் எந்திரமும் சாரல் வேனும்

இலத்தூர் விலக்கிலிருந்து செங்கோட்டை செல்லும் சாலையில் உள்ள அந்த ஆலையில், மோட்டார்களின் பின்புறத்தை மூடும் இரும்பு விசிறிமூடிகள் தயாராகின்றன. குற்றாலீஸ்வரன் 1994 தை மாதம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். டோக்கன் எண் முப்பத்தொன்று. தகட்டை அழுத்தி மூடியாக்கும் பிரஸ் பகுதிக்கு லைன் லீடராகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதங்களே இருந்த நிலையில், 2025 ஜூன் 26, வியாழக்கிழமை காலை, ஆண்டுதோறும் வரும் அந்தப் படிவக்கட்டு அவர் மேசைக்கு வந்தது.

தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், ‘இங்கே வேலை செய்வதில் உங்களுக்குப் பிடித்தது’. வலப்பக்கம், ‘பிடிக்காதது’. பெயர் எழுத வேண்டாம் என்று மேலே அச்சிட்டிருந்தார்கள்.

லைனில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் தேநீர் இடைவேளையில் எழுதிக் கொடுத்தார்கள். தாள்களின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கி அடுக்குவது அவர் வழக்கம்; அடுக்கும்போது கண்ணில் படுவதைத் தவிர்க்க முடிவதில்லை. திருப்பூருக்குப் போகாமல் தினமும் சொந்த வீட்டில் படுத்து எழுவது பிடித்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். மேற்குக் கதவைத் திறந்து வைத்தால் சாரல் உள்ளே வந்து முகத்தில் படுவது இன்னொருவருக்குப் பிடித்திருந்தது. மூன்று முறை சிகைக்காய் தேய்த்தும் கூந்தலை விட்டு எண்ணெய் வாடை போகவில்லை என்று ஒரு பெண் வலப்பக்கத்தில் எழுதியிருந்தாள். கழிப்பறைச் சாவி வாட்ச்மேன் இடுப்பில் ஏன் தொங்க வேண்டும் என்று கேட்டிருந்தது ஒரு தாள். ‘வீட்டில் மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்பதில்லை. நான் பேசினால் சண்டை போடுகிறேன் என்கிறார்கள்’ என்றது மற்றொன்று.

முப்பத்தாறு தாள்களில், இடப்பக்கத்தில், ஒரே சொல் இருந்தது: சாரல் வேன்.

அவருடைய தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக அதை வெறுமையாகவே கொடுத்து வந்தார்.

சாரல் வேன் அந்த ஆலையின் பழைய வழக்கம். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிய பிறகு, ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிடுவார்கள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் ஆயிரத்து இருநூறு மூடிகளை முடித்துவிட்டால், வேலை உடுப்போடு அப்படியே வேனில் ஏற்றி ஐந்தருவிக்கு அழைத்துப் போவார்கள். முடிக்காவிட்டால் வேன் கிடையாது.

ஒழுங்கு முறைப்படி ஓட்டினால் ஆயிரத்து இருநூறு வராது. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து ‘டை’ என்னும் இரும்பு அச்சு இறங்கும். கைகள் உள்ளே அகப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இடப்பக்கப் பட்டனில் ஒரு மரஆப்பை இறுக்கிவிட்டால் போதும்: இடக்கை தகட்டை வைத்துக்கொண்டே இருக்கும், வலக்கை மட்டும் அழுத்தும். வேகம் ஏறக்குறைய கால் மடங்கு கூடும். அந்த ஆப்புகளைப் புளியங்கட்டையில் செதுக்கி, முனை மழுக்கி, எண்ணெய் தடவித் தந்து வந்தவர் குற்றாலீஸ்வரன். வேன் நாளன்று காலையில் அவரே எந்திரம் எந்திரமாகப் போய்ச் செருகுவார். பதினோரு ஆண்டுகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

2022 ஜூன் 18, சனிக்கிழமை. மதியம் ஒன்று இருபதுக்கு, மூடிகளை எண்ணும் கவுண்டர் ஆயிரத்து ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஏழாம் எந்திரத்தில் சுடலைமாடன் நின்றான். இரும்பின்மேல் இரும்பு விழும் ஒவ்வோர் அடியும் கணீரென்று கேட்கும். அந்தக் கூடத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்பதைக்கூட மறந்திருப்பார்கள். அன்று ஓர் அடி ஒலிக்கவில்லை. அவ்வளவுதான். மற்ற பதினோரு எந்திரங்களும் இரைந்துகொண்டிருக்க, அந்த ஒரு மௌனம் குற்றாலீஸ்வரனை எட்டியது. அவர் திரும்பியபோது சுடலைமாடன் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது.

பட்டனில் ஆப்பு இருந்தது. வைத்தது யார் என்று விசாரித்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த சுடலைமாடன், “நாந்தான்” என்றான். கட்டிலின் கால்மாட்டில் நின்ற குற்றாலீஸ்வரன் வாய் திறக்கவில்லை.

அன்றுமுதல் அவர் ஒவ்வோர் அடிக்கும் காத்திருக்கிறார். வீட்டில் மனைவி ஸ்ரீவித்யா அரிவாளால் தேங்காயை உடைக்கும்போதுகூட, முதல் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மூச்சை நிறுத்திக்கொள்வார். ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டாள். காது சரியில்லை என்று சொல்லிவிட்டார். வேனில் அவர் ஏறுவதுமில்லை. ஐந்தருவியின் இரைச்சலில் இடைவெளியே கிடையாது. அதன் கீழே நின்றால் அந்த மௌனம் கரைந்துபோகும் என்பதை அவர் அறிவார். கரைந்துவிடக் கூடாது என்றே போகவில்லை.

படிவக்கட்டை வாங்கிக்கொண்ட மனிதவள அதிகாரி ஷெர்லின், வேலைக்கு வந்து ஓராண்டே ஆன இளம்பெண். அவரை உட்காரச் சொன்னாள்.

“அண்ணாச்சி, சுடலைமாடன்னு ஒருத்தரு மனு குடுத்திருக்காரு. டூல் ரூம்ல பதிவேடு எழுதுத வேலை கேக்காரு. உங்க லைன்ல இருந்தவருதான?”

“ஆமாம்மா.”

“எனக்கும் குடுக்கணும்னுதான் ஆசை. ஆனா ஃபைலப் பாருங்க. பாதுகாப்பு பட்டன்ல ஆப்பு வச்சது நாந்தான்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்படிச் செஞ்சவங்கள திரும்ப எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. திங்கக்கிழமை முடியாதுன்னு லெட்டர் போயிரும்.”

அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். வலக்கையால் போட்டது, எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை ஷிப்ட் முடிந்ததும் அவர் இலத்தூரில் சுடலைமாடன் வீட்டுக்குப் போனார். அவன் வாசலிலேயே வணக்கம் சொன்னான். ஒரு முழு உள்ளங்கையும் ஒற்றைக் கட்டைவிரலும் சேர்ந்து செய்த வணக்கம்.

“வாங்க அண்ணாச்சி! ஏட்டி உலகம்மை, காப்பி போடு. பாலு கெடக்கா, இல்ல அண்ணாச்சிக்கு வெறும் பாசந்தானா?”

உள்ளிருந்து அவன் மனைவி பாத்திரம் வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

“மாடா, மூணு வருசமா கேக்கணும்னு நெனைக்கேன். அன்னைக்கு ஏன்லே அப்படிச் சொன்ன?”

“வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீய? நீங்க வச்சீயன்னு சொன்னா உங்க வேல போயிரும். வேனும் நின்னுரும். நாப்பது பேரும் என்னையத்தான் ஏசுவானுவ.” அவன் சிரித்தான். “போன வெரலு மொளைக்கவா போவுது? அத விடுங்க. மனு குடுத்திருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா கெடச்சிரும்லா?”

உலகம்மை காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். தம்ளரை அவர் எடுக்கும்வரை காத்திருந்து பேசினாள்.

“இவுகளுக்கு ஒரு குச்சி சீவத் தெரியுமான்னு கேளுங்க அண்ணாச்சி. மம்பட்டிக் காம்பு கழண்டா நாந்தான் செதுக்கிப் போடுதேன். ஆசுபத்திரியில அந்த ஆப்ப காட்டுனாக. நல்லா இழைச்சு, மொனை மழுக்கி, எண்ணெ தடவி இருந்துச்சு. அம்புட்டு வேல தெரிஞ்ச மனுசன் யாருன்னு நான் ஒருத்தர்ட்டயும் கேக்கல.”

“சும்மா இருட்டி.”

“சும்மாதான இருக்கேன், மூணு வருசமா.”

காப்பியில் பால் நிறையவே இருந்தது. குற்றாலீஸ்வரனால் பாதிக்குமேல் குடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எதையும் செய்யாமல் கடந்தது. அந்த ஆண்டின் வேன் நாள் ஜூன் 28, சனிக்கிழமை. விபத்துக்குப் பிறகு ஆப்புகள் காணாமல் போயிருந்தன. அடுத்த ஆண்டு வேன் நாளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் செதுக்கித் தருவதை நிறுத்தியிருந்தார். அவர் செதுக்கியதைப் பார்த்து அவர்களே செதுக்கிக்கொண்டார்கள். அவர் பார்க்காததுபோல் நடந்து போவார். இந்தச் சனிக்கிழமை காலை எந்திரம் எந்திரமாகப் போய்ப் பிடுங்கினார். ஒன்பது கிடைத்தன. ஏழாம் எந்திரத்தில் இப்போது நிற்கும் நாகராஜன் மறித்தான்.

“அண்ணாச்சி, இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியும்லா?”

“தெரியும். ரெண்டு கையாலயும் அழுத்துலே.”

“நீங்க மூணு வருசமா ஏறுததில்ல. அதனால எங்களயும் ஏத்த மாட்டீயளாக்கும்?”

அவர் கையை நீட்டினார். நாகராஜன் ஆப்பை உருவி, அவர் உள்ளங்கையில் வைக்காமல் தரையில் போட்டான். அவர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கவுண்டர் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் நின்றது. வாசலில் டிரைவர் பென்னி வேனின் எஞ்சினை அணைத்தான். குற்றால மலை முழுதும் மேகம் இறங்கியிருந்தது. தண்ணீர் நன்றாக விழும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. துண்டும் சோப்புப் பெட்டியும் வைத்திருந்த பைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அவரைக் கடந்து போனார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு உட்கார்ந்து, மேசையில் மிஞ்சியிருந்த ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். இடப்பக்கத்தில், ‘சாரல் வேன்’. வலப்பக்கத்தில், ‘2022 ஜூன் 18 அன்று ஏழாம் எந்திரத்தில் ஆப்பு வைத்தவன் நான். அதற்கு முன் பதினோரு ஆண்டுகளும் வேன் நாளில் எல்லா எந்திரங்களிலும் வைத்தவன் நானே. சுடலைமாடன் வைக்கவில்லை.’ கீழே பெயரும் டோக்கன் எண்ணும்.

ஷெர்லின் மேசையில் ஒன்பது ஆப்புகளையும் அதன் பக்கத்தில் அந்தத் தாளையும் வைத்தார்.

“பேரு எழுத வேண்டாம்னு போட்டிருக்கே, அண்ணாச்சி.”

“படிச்சேம்மா.”

அவள் வாசித்தாள். இரண்டாவது முறையும் வாசித்தாள். இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். அவரை நோக்கி நகர்த்தவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

“எட்டு மாசந்தான இருக்கு உங்களுக்கு?”

“திங்கக்கிழமை அந்த லெட்டர் போகக் கூடாதும்மா.”

அவள் வெற்றுப் படிவத்தை மீண்டும் உள்ளே வைத்தாள். சுடலைமாடனின் பழைய ஃபைலை எடுத்து, அவன் கையெழுத்திட்ட தாளுக்குமேல் இந்தத் தாளைக் கோத்தாள். வேலை கிடைக்குமா என்று அவரும் கேட்கவில்லை. கிடைக்கும் என்று அவளும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அடுத்த ஷிப்ட் தொடங்கியிருந்தது. அந்தக் காத்திருப்பு இன்றாவது போய்விடும் என்று எண்ணி, ஏழாம் எந்திரத்தின் பக்கம் போய் நின்றார். டை மேலே ஏறியது. அவருடைய மூச்சு நின்றது. டை இறங்கி, கணீரென்று ஒலித்தது. மறுபடியும் ஏறியது.

அவர் அடுத்த அடிக்குக் காத்திருந்தார்.