அக்காவின் பெயரில் ஆறு குப்பிகள்

அக்காவுக்கு அப்போது பதிமூன்று வயது, எனக்கு ஒன்பது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் மாடி வீடு. அக்காவுக்கு ஆட்டிசம். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அந்த வருஷம் அலறல் நின்றுபோயிற்று. "பொண்ணு எவ்ளோ சாந்தமாயிட்டா," என்று கீழ்வீட்டு அத்தை மெச்சிக்கொண்டார். அம்மாவுக்கும் அதில் நிம்மதி.

அக்காவைப் பார்த்துவந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. மன அழுத்தம் இருந்தால் உடம்பில் ஒரு ஹார்மோன் ஏறி இறங்கும், எச்சிலிலேயே அதைப் பார்க்கலாம் என்று சொல்லி ஆறு சின்னக் குப்பிகள் கொடுத்தார். மூன்று நாள், காலையில் விழித்ததும் ஒன்று, அரைமணி கழித்து ஒன்று. அப்பா லாரியோடு வெளியூரில் இருந்தார். அம்மா விடிந்ததும் கார்மென்ட்ஸ் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். தசரா லீவு என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. நர்ஸே ஆகிவிட்டதுபோல எனக்குப் பெருமை.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள். குப்பியை நீட்டினேன், கெஞ்சினேன், சாக்லேட் காட்டினேன். உதடு அசையவில்லை. வெறும் குப்பியைப் பார்த்தால் அம்மா முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன். நானே துப்பினேன். ஆறிலும். அக்காவின் பெயரை அழகாக எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரம்மா காகிதத்தையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார், நம்பாதவர்போல. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"அது அக்காவுது இல்ல. என்னுது."

அம்மா கையை ஓங்கினாள். "இரும்மா," என்று தடுத்த டாக்டரம்மா என்னிடம் குனிந்தார். "அக்கா துப்ப மாட்டேன்னாளா?"

"எழுந்துக்கவே இல்ல டாக்டர்."

"மூணு நாளுமா?"

"லீவு விட்டதுலேந்தே அப்படித்தான். அம்மா வர்றதுக்குள்ள நான்தான் தலை வாரி உக்கார வைப்பேன். அவ சோத்தையும் நானே சாப்ட்டுடுவேன். இல்லாட்டி அம்மா அழுவாங்க."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அம்மாவின் ஓங்கிய கை அப்படியே என் தோளில் இறங்கி, வெகுநேரம் அங்கேயே இருந்தது.

மனச்சோர்வு என்று அன்றைக்கே சிகிச்சை தொடங்கியது. அக்கா தேறி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எச்சிலை மாற்றியதுதான் நான் செய்த தப்பு என்று ரொம்ப நாள் வருந்தினேன். தினமும் அவளைத் தலை வாரி உட்கார வைத்ததை உதவி என்றே நம்பியிருந்தேன்.