யானைக்கால் வீக்கம் என்று நான் சொன்னது

எழுபதுகளின் நடுவில் நான் யானைக்கால் தடுப்புப் பிரிவில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். மகாபலிபுரத்தை ஒட்டிய குப்பங்களில் வீடு வீடாகப் போய், விரலில் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு தடவி எடுக்க வேண்டும். யானைக்காலைக் கொண்டுவரும் புழு பகலில் ரத்தத்தில் தலைகாட்டாது. அதனால் எங்கள் வேலை இரவு எட்டு மணிக்கு மேல்தான். காலோ விரையோ வீங்கியவர்கள் டாக்டரிடம் போகுமுன் என்னிடம் காட்டுவார்கள். பாதி டாக்டர் என்றே எனக்கு நினைப்பு.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு என் மகன் அலறிக்கொண்டு எழுந்தான். பதின்மூன்று வயது. அடிவயிறு என்றான். அவன் அம்மா அந்தப் பக்கம் போனபிறகுதான் சரியான இடத்தைச் சொன்னான். இடது விரை வீங்கிச் சிவந்து, மேலே ஏறி நின்றது. தொடவே விடவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தான்.

"யானைக்கால் வீக்கம்டா. இந்த ஊரு கொசு யாரை வுட்டுது?" என்று என் பையிலிருந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

உடம்பு சுடவில்லை. நான் பார்த்தவர்களுக்கெல்லாம் வீக்கம் வந்தால் கூடவே குளிர்காய்ச்சலும் வரும். அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவனுக்குத் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

"இன்னாய்யா, புள்ள துடிச்சிகினு கீறான். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம் வா," என்றாள் மனைவி.

"உனக்கு இன்னா தெரியும்? ராத்திரி ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். சும்மா பேஜார் பண்ணாத."

பத்து மணி பஸ் போனது. பன்னிரண்டு மணி பஸ்ஸும் போனது. சாயங்காலம் வலி குறைந்திருப்பதாக மகன் சொன்னான். "பாத்தியா, மாத்திரை கேக்குது," என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். செத்துப்போனது வலிக்காது என்று அந்தப் பாதி டாக்டருக்குத் தெரியவில்லை.

எட்டு மணிக்கு அவன் விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். அந்த ஸ்லைடை யாரும் பார்க்கவே இல்லை. மறுநாள் விடிந்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மனைவி அவனை முதல் பஸ்ஸில் ஏற்றினாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் பார்த்தவுடனே, "எப்ப ஆரம்பிச்சுது?" என்றார்.

"நேத்து காலைல ஆறு மணிக்கு சார்," என்றேன்.

"விரை சுத்திக்கிட்டு, ரத்தம் போற குழாய் முறுக்கிக்கிச்சு. அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி முறுக்கை எடுத்துக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப அதை எடுத்துடறதைத் தவிர வழியில்லை."

கையெழுத்துப் போட்டேன். இடதை எடுத்துவிட்டு, வலதும் அப்படி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தையல் போட்டார்கள்.

மறுநாள் வார்டுக்கு வந்த டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒரு நாள் முழுக்க வெச்சிருக்கச் சொன்னது யாருய்யா?"

மனைவி காபி வாங்கப் போயிருந்தாள். "ஊர்ல ஒரு ஆளு சார், இதெல்லாம் தெரிஞ்சவர்னு சொன்னாங்க," என்றேன்.

"அந்த ஆளைச் செருப்பால அடிக்கணும்."

"ஆமா சார்."

மகன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.