சுவிட்சில் தொங்கிய செருப்பு

பாலாற்றில் பாலத்தை இடித்துக்கொண்டு வெள்ளம் போனதே, அந்த மழை விட்டு ஒரு மாதம் கழித்து நடந்தது இது. ஏரிக்கரைக் கம்பத்தில், மெயின் சுவிட்சின் கைப்பிடியில், என் மச்சானின் இடது கால் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் மாட்டினேன். அடிப்பக்கம் கம்பத்தைப் பார்க்க, வாரைக் கைப்பிடியில் நுழைத்து மாட்டியிருந்தேன். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னாலும் அப்படியேதான் மாட்டுவேன்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் அவர் ஒயர்மேன், நான் டிரம் ஆள். டிரம் என்பது ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் மரப்பீப்பாய். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டுச் சுற்ற விடுவோம். உள்ளே ஒட்டியதைச் சுரண்ட மனிதன்தான் இறங்க வேண்டும். அவன் இறங்கும்போது மச்சான் தன் இடது செருப்பைக் கழற்றி டிரம்மின் சுவிட்சில் மாட்டுவார். அவன் வெளியே வரும்வரை ஒற்றைச் செருப்போடுதான் நடப்பார். செருப்பு தொங்கினால் முதலாளியே வந்தாலும் அந்தச் சுவிட்சில் கை வைக்க மாட்டார். வழக்கம் எப்படி வந்தது என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். நான் வேலைக்குச் சேருமுன், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஒருவர் சுவிட்சை மேலே தள்ளிவிட்டார். உள்ளே இருந்தவன் மச்சானின் தோஸ்த், தோலுக்குப் போடும் சுண்ணாம்பில் கை வெந்தவன். உயிரோடு வெளியே வரவில்லை. தள்ளியது மச்சான்.

இரண்டு பேரும் ஷெட்டை விட்டு நின்ற பிறகு, கூப்பிட்ட இடத்துக்கு ரிப்பேர் வேலைக்குப் போவோம். அப்படித்தான் மலைமேல் ஏரியில் படகு விடும் காண்டிராக்டர் ஒருவர் கூப்பிட்டார். படகுக்குள்ளேயே ஃபிரிட்ஜ் வைத்து ஐஸ்கிரீம் விற்பவர். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் நிற்பதே இல்லை, ஐஸ்கிரீம் கல்லாகிவிடுகிறது என்றார். மலைப் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு மச்சான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். போய்ப் பார்த்தால், தெர்மோஸ்டாட்டும் அதற்குப் போகும் ஒயர்களும் ஈரத்தில் பச்சை பூத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். காண்டிராக்டர் சாப்பிடப் போய்விட்டார். கம்பத்திலிருந்து படகுக்கு ஒயர் போயிருந்தது; நான் கைப்பிடியைக் கீழே இறக்கிக் கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கரையில் நின்றேன், மச்சான் படகில் ஏறினார். நடுப்பகல்தான், ஆனால் பனிமூட்டம் ஏரியை மூடியிருந்தது. பத்தடி தள்ளி நின்ற படகு அழுக்குத் துணி போலத் தெரிந்தது.

"மாப்ளே, செருப்ப மாட்டிட்டியா?" என்று படகிலிருந்து குரல் வந்தது.

"மாட்டியாச்சு. உன் செருப்பு நாத்தத்துக்குக் கரண்ட்டே ஓடிப்போச்சு மச்சான்."

"ஓடட்டும். திரும்பி வராம பாத்துக்கோ."

"டெஸ்டர் வெச்சுப் பாத்தியா?"

"செருப்பு தொங்கச்சொல்ல டெஸ்டர் இன்னாத்துக்கு?"

நானும் சிரித்தேன். முப்பது வருஷம் அப்படித்தான் இருந்தோம்.

கொஞ்ச நேரம் இடுக்கிச் சத்தம் கேட்டது. பிறகு ஃபிரிட்ஜ் உறும ஆரம்பித்தது. சுவிட்சைப் பார்த்தேன். கைப்பிடி கீழேதான் இருந்தது, செருப்பும் அசையாமல் தொங்கியது. கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ் ஓடுகிறது. "மச்சான்" என்றேன். மறுபடி கூப்பிட்டேன். உறுமல்தான் வந்தது.

சுவிட்சில் எழுதியிருப்பதைப் படிக்க எனக்கு எழுத்தும் தெரியாது, அந்த நேரத்தில் மேல் எது கீழ் எது என்றும் தெரியவில்லை. நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு கைப்பிடியை மேலே தள்ளினேன். அது நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பாறையில் முட்டியது போல இருந்தது. விட்டுவிட்டுப் படகுக்கு ஓடினேன். மச்சான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, குளிரில் நடுங்குவது போல நடுங்கிக்கொண்டிருந்தார். விரல்கள் ஒயரோடு ஒட்டியிருந்தன. படகு தள்ளும் மூங்கிலை எடுத்து அவர் கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு உடைந்தது. கை விடுபட்டது.

சத்தம் கேட்டு வந்த காண்டிராக்டர், "ஏரியச் சுத்தி வரச்சொல்ல கரண்ட்டு வேணாமா? சீட்டுக்கு அடியில பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்குதே, சொல்லலியா நானு?" என்றார். சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஷெட்டில் எந்திரங்கள் தரையில் முளைத்தவை, ஒவ்வொன்றுக்கும் ஒரே வழியில்தான் கரண்ட் வரும். நகர்கிற இடத்தில் வேலை செய்தவர்கள் இல்லை நாங்கள். கரைச் சுவிட்சை நிறுத்தியதும் இன்வெர்ட்டர் தானாக எழுந்திருக்கிறது. மச்சான் புது ஒயரை முறுக்கிச் சேர்த்ததும் ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது. இன்வெர்ட்டர் சின்னது, அதனால் உயிர் தங்கியது. நான் சுவிட்சை ஏற்றியிருந்தால் கரைக் கரண்ட்டும் அவர் கைக்கு வந்திருக்கும்.

செருப்பை எடுக்கப் போனேன். மாட்டிய செருப்பு திரும்பியிருந்தது, அடிப்பக்கம் என்னைப் பார்த்தபடி. அந்தக் குளிரில் அது சூடாக இருந்தது, இப்போதுதான் காலிலிருந்து கழற்றியது போல. கைப்பிடியை ஒரு விரலால் தொட்டேன். லேசாக அசைந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த மச்சான் கேட்டார்: "கம்பத்தாண்ட உங்கூட நின்னானே, யாரு அவன்?"

"நான் ஒண்டிதான் நின்னேன்."

"இல்ல மாப்ளே. கால்ல செருப்பு இல்லாம ஒருத்தன். கைப்பிடிய ரெண்டு கையாலயும் கீழ அமுக்கிப் புடிச்சிருந்தான்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு, "சுண்ணாம்புல வெந்த கை. அந்தக் கை எனக்குத் தெரியாதா?" என்றார்.

கைப்பிடி நகராததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கடைசிவரை சொல்லவும் இல்லை. பனிமூட்டத்தில் கரையிலிருந்து எனக்குப் படகே சரியாகத் தெரியவில்லை. படகிலிருந்து அவருக்குக் கரை எப்படித் தெரிந்தது என்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நன்றாகத் தூங்கினார் என்று மட்டும் என் மனைவி சொல்லுவாள்.

போன தை மாதம் மச்சான் போய்விட்டார், வீட்டில், படுத்தபடியே. அந்த இடது செருப்பு இப்போது என் வீட்டு மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வார் விறைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்கிறேன். இதுவரை குளிர்ந்துதான் இருக்கிறது.

உங்கள் ஊரில் யாராவது படகிலோ வண்டியிலோ ஒயர் வேலைக்குப் போனால், ஒரு கிழவன் சொன்னான் என்று இதைச் சொல்லுங்கள். செருப்பை மாட்டட்டும். மாட்டிவிட்டு டெஸ்டரையும் வைத்துப் பார்க்கட்டும். எல்லோருக்கும் கைப்பிடியை அமுக்கிப் பிடிக்க ஆள் வராது.