அய்யாவுக்காக அண்ணன் கட்டிய பாட்டு

எங்கள் அண்ணனைக் கர்த்தர் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் இன்சொற்களே இருக்க வேண்டும் என்று சபைப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். அண்ணனைப் பற்றி இன்சொல் எழுதத் தடையில்லை. அவருக்கு நேர்ந்ததைப் பற்றி அப்படி எழுத என்னால் முடியவில்லை.

அண்ணன் பிறந்தது ஆனைக்குட்டத்தில். எங்களைப் பெற்ற அய்யா ஒரு மாட்டு வியாபாரியிடம் மாடு பத்துகிற வேலை பார்த்தார். சந்தைகளில் வாங்கிய மாடுகளைச் செங்கோட்டை வழியாக மலையாளச் சீமைக்கு நடத்தியே கொண்டுபோவார்கள். அண்ணன் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது, அப்படிப் போன ஒரு பயணத்தில் அய்யா இறந்தார்.

கூடப் போன அய்யாவின் தம்பி, எங்கள் சின்னையா, வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆரியங்காவு தாண்டியதும் அய்யாவுக்குக் கடுங்காய்ச்சல். நடக்க முடியாமல் சாலையோரம் படுத்துவிட்டார். பின்னால் வண்டியில் வந்த முதலாளி, "மாடு நின்னா சந்தை போயிரும். அவன் எந்திரிச்சு வரட்டும், நீங்க பத்துங்கலே" என்றாராம். சின்னையா ஒரு செம்புத் தண்ணீரை அய்யாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு நடந்தார். மாடுகளைச் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, அவ்வூர்க்காரர்கள் யாரோ அய்யாவை அடக்கம் செய்திருந்தார்கள். எந்த இடம் என்று காட்ட ஆளில்லை.

அம்மாவையும் என்னையும் அதன்பின் தாங்கியவர் அண்ணன். திருத்தங்கலில் ஒரு மிஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். என்னைத் தாதிப் படிப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் தமக்குத் திருமணம் செய்துகொண்டார். வகுப்பில் அவர் பிரம்பைத் தொட்டதில்லை.

அந்தப் பள்ளி அலமாரியில் ஒரு பழைய ஆங்கிலப் பாடல் புத்தகம் கிடந்தது. ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய காலத்தில், காட்டுவெளிகளில் மாடு பத்தியவர்கள் வாழ்ந்ததையும் செத்ததையும் சொல்லும் பாட்டுகள். குதிரையிலிருந்து விழுந்தவன், தாகத்தில் மாண்டவன், வெள்ளத்தில் போனவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு பாட்டு. ஒரு விடுமுறை நாளில் அண்ணன் அதை எனக்கும் அண்ணிக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் புத்தகத்தை மூடினார்.

"அங்கன ஒருத்தன் செத்தா கூட்டாளிக நிக்காக, குழி வெட்டுதாக, பாட்டும் கட்டுதாக. நம்ம அய்யாவுக்கு என்ன இருக்கு, தாயி?"

"வெள்ளைக்காரன் அம்புட்டு நல்லவனாண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை. அந்த மண்ணுல முன்னமே இருந்த கறுப்பு ஆளுகளும்தான் மாடு பத்தியிருக்காக. அவுகளுக்கு இதுல ஒரு பாட்டும் காணோம். அவனவன் ஆளுக்கு அவனவன்தான் பாடணும் போல."

அய்யாவுக்கு ஒரு சிந்து கட்டினார். அதிலிருந்து நான்கு வரிகள்:

நாவு வறண்டவன் நீர்கேட்டான் – அவனை
நடுவழியில் விட்டுப் போனாக;
சாவுக்கு நிக்காத மாடெல்லாம் – ஓடைத்
தண்ணிக்கு நின்னு குடிச்சதம்மா.

பள்ளி ஆண்டு விழாவில் அவருடைய வகுப்பு இதைப் பாடியது. ஒத்திகையின்போது சக ஆசிரியர்கள் அண்ணனின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். விழாவுக்குத் தலைமை தாங்கியவர் அதே மாட்டு வியாபாரி. அதற்குள் அவர் பட்டாசுக் கம்பெனி முதலாளியாகி, பள்ளிக்கு மண்டபமும் கட்டிக் கொடுத்திருந்தார். தலைமை தாங்க வருவது யார் என்பது அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தேதான் பாட வைத்தார். பாட்டில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் முதலாளி மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் தாளாளர் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துருங்க தம்பி. இல்லாததைப் பாடிட்டேன்னு ரெண்டு வரி போதும்."

"எங்கய்யா சாகலைன்னு எழுதித் தரணுமா, ஐயா?"

"சொந்தச் சோத்துல மண்ணை அள்ளிப் போடாதீக."

அண்ணன் எழுதிக் கொடுக்கவில்லை. விசாரணை வைத்தார்கள். கையைப் பிடித்துப் பாராட்டிய ஆசிரியர்கள், பாட்டின் சொற்கள் தங்கள் காதில் சரியாக விழவில்லை என்றார்கள். அண்ணனின் வேலை போயிற்று. வேறு பள்ளிகளுக்கும் சேதி போயிருந்தது. ஏறி இறங்கி அலுத்து, கடைசியில் விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனியில் பட்டாசு மருந்து சலிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தத் தூசியில் ஆண்டுக்கணக்கில் நின்றார். முதலில் பாடும் குரல் போனது. பிறகு இருமல் அவரை விடவேயில்லை.

அந்தப் பாட்டு மட்டும் பரவியது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றும் பெண்கள், கட்டியவர் பக்கத்து அறையில் இருப்பது தெரியாமல் பாடுவார்கள். "நீங்க கட்டுனதுன்னு சொன்னா என்னண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா பயந்து நிப்பாட்டிருவாக, தாயி. பாடட்டும்."

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் அண்ணன் கடைசி நாட்களில் இருந்தார். மூச்சுக்குத் திணறியபோதும் மற்ற நோயாளிகள் தூங்க வேண்டுமே என்று இருமலைத் துண்டால் அடக்கிக்கொண்டார். என் கையைப் பிடித்தபடியே போனார்.

அடக்கத்தன்று பள்ளியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. 'நல்லாசிரியருக்கு' என்று நாடாவில் எழுதியிருந்தது. அண்ணி அதைப் படித்துவிட்டு, "இவுக வேலையில இருந்தப்ப இதைச் சொல்லியிருக்கலாம். கொண்டுபோங்க" என்றார்கள். கொண்டுபோனார்கள்.

அண்ணனின் பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்த மருந்து அறைத் தொழிலாளர்களுக்கும், ஜெபித்து அடக்கம் செய்த சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், அண்ணனின் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அன்றைக்கு வர முடியாமல்போன சக ஆசிரியர்கள் இப்போது அண்ணியைப் பார்க்க வர விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வரலாம். மற்ற நாட்களில் அண்ணி வீட்டில் இருக்கமாட்டார்கள். அண்ணன் நின்ற அதே அறையில், அதே சல்லடையை இப்போது அண்ணிதான் பிடிக்கிறார்கள்.