அருள்மேரியும் ‘கண்டோன்’ கடிதங்களும்

‘கண்டோன்’ (condone) என்ற இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டாலே அருள்மேரிக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் அது தனக்குப் பிடித்த வார்த்தையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்னும் அதிகமாகக் குமட்டும்.

1974இல் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பா மூடி கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். தகரத்தை பிரஸ்ஸில் வைத்து மூடி மூடியாக வெட்டித் தள்ளுகிற கம்பெனி. வேலையாட்களில் பாதிக்கு மேல் பெண்கள். முதலாளி இருந்தது மெட்ராஸில். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், ஆனால் தமிழில் ஒரு காகிதம் போனால் கையால் தொடமாட்டார். அதனால் ஒருநாள் லீவு எடுத்தவர்கள்கூட இங்கிலீஷில் கடிதம் கொடுத்தால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். அந்தக் கடிதங்களை அடித்துக் கொடுப்பது அருள்மேரியின் வேலை.

வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஹெட்கிளார்க் பாண்டுரங்கன். “என் லீவை கண்டோன் செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்” என்று முடியவேண்டும். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

“பொறுத்தருளணும்னு அர்த்தம். வெள்ளைக்காரன் போய்ட்டான், வார்த்தை போவல. அப்ளிகேஷன் லேட்டா? கண்டோன். பீஸு கட்ட லேட்டா? கண்டோன். இந்த ஒரு வார்த்தை இருந்தாப் போதும்மா, மத்ததை எவன் படிக்கிறான்!”

பேசிக்கொண்டே வெற்றிலை எச்சிலில் விரலை நனைத்துக் காகிதத்தைப் புரட்டினார். அந்தச் சிவப்பு விரல் வரிகளின் மேல் ஊர்ந்துபோய் அந்த வார்த்தையில் நிற்கும். நின்றதும் சீல் விழும். படிப்பது என்ற வேலையே அந்த மனிதரிடம் கிடையாது.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தாள். ஒருவர் செய்த குற்றம் தெரிந்தும் தண்டிக்காமல் பொறுத்துப்போவது என்று போட்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவளுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? கோயில் வார்த்தை ஆபீஸுக்கு வந்துவிட்டதாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் அதை ஆசையாக அடித்தாள்.

அந்த ஆசை மெல்ல மெல்லச் செத்தது. காய்ச்சலில் கிடந்தவள் வந்தாள். பிள்ளை பெற்றுப் பதினைந்தே நாளில் பச்சை உடம்போடு ஒருத்தி வந்தாள். புருஷனைப் புதைத்துவிட்டு லூர்தம்மாள் வந்தாள். எல்லோருக்கும் அதே வாசகம்தான். பிள்ளை பெற்றதைப் பொறுத்தருள வேண்டும். புருஷன் செத்ததைப் பொறுத்தருள வேண்டும். பாவம் செய்தவர்தானே பொறுத்தருளும்படி கேட்கவேண்டும்? இது தெரியாதவளா அருள்மேரி? தெரிந்துதான் அடித்தாள். “இன்னாம்மா எழுதிகீது?” என்று யாராவது கேட்டால், “லீவு லெட்டர்தாம்மா” என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாள். சொல்லும்போது தன் நாக்கே தனக்கு அருவருப்பாக இருக்கும்.

1979இல் பங்கஜத்தின் முறை வந்தது. மூன்றாம் நம்பர் பிரஸ்காரி. கை உள்ளே போகாமல் தடுக்க அந்த பிரஸ்ஸில் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை மந்தமாகிறது என்று கம்பெனி கழற்றிப்போட்டது. வேண்டாம் என்று பங்கஜம் இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் சொன்னாள். மூன்றாம் நாள் அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் மூடியோடு மூடியாக வெட்டுப்பட்டுப்போயின.

நாற்பது நாள் கழித்துக் கட்டோடு வந்து நின்றாள். துணியிலிருந்து மருந்தும் சீழும் கலந்த வாடை அடித்தது. பாண்டுரங்கன் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, “கவனக்குறைவா இருந்துட்டேன், கண்டோன் பண்ணுங்கன்னு அடிச்சு, கைநாட்டு வாங்கிடு” என்றார். பங்கஜத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போடுகிற விரல்தான் இல்லை.

“யக்கா, இதுல இன்னா எழுதப் போற?” என்று பங்கஜம் கேட்டாள்.

லீவு லெட்டர்தான் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அருள்மேரி அதை விழுங்கிவிட்டு, அந்த வார்த்தையின் அர்த்தத்தை ஒளிக்காமல் சொன்னாள்.

“நா இன்னா தப்பு பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ல பங்கஜம். நடந்ததை நடந்த மாதிரி எழுதட்டுமா? வேலை போனாலும் போவும். யோசிச்சுச் சொல்லு.”

பங்கஜம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். “உள்ளதை எழுதுக்கா” என்றாள்.

அருள்மேரி இங்கிலீஷில் அடித்தாள்: ‘மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் தடுப்பைக் கழற்றியது கம்பெனி. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். என் மூன்று விரல்கள் போயின. இதை நான் கண்டோன் செய்யமாட்டேன். நாளை வேலைக்கு வருகிறேன்.’ பங்கஜம் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

சிவப்பு விரல் வரிகளின் மேல் ஊர்ந்தது. அந்த வார்த்தையில் நின்றது. சீல் விழுந்தது.

பங்கஜம் பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து லேபர் இன்ஸ்பெக்டர் வந்து ஃபைலைப் புரட்டினார். கம்பெனி சீல் போட்டு ஏற்றுக்கொண்ட அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். அந்த வாரமே எல்லா பிரஸ்ஸுக்கும் தடுப்பு ஏறியது. இன்ஸ்பெக்டர் பெயரைக் குறித்துக்கொண்டு போனதால் பங்கஜத்தைத் தொடக் கம்பெனிக்குப் பயம். பிடிப்பதற்கு அருள்மேரிதான் இருந்தாள்.

“பண்ண துரோகத்துக்கு நீயே ஒரு லெட்டர் அடி. கண்டோன் பண்ணச் சொல்லி. இல்லன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள கால் வெக்க முடியாது” என்று பாண்டுரங்கன் கத்தினார். வெற்றிலைச் சாறு டைப்ரைட்டர்மேல் தெறித்தது.

அருள்மேரி அதைத் துடைத்தாள். காகிதத்தைச் சொருகி, நிதானமாக அடித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

‘ஐந்து வருஷமாக, ஒரு தப்பும் செய்யாதவர்களின் பெயரில் இந்த வார்த்தையை அடித்துக் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளையும் தாலி இழந்தவளையும் மன்னிப்புக் கேட்கவைத்தேன். அது நான் செய்த தப்பு. அதை யாரும் கண்டோன் செய்யவேண்டாம்.’

குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அந்த ஒரு கடிதத்தை மட்டும் பாண்டுரங்கன் முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.