பதினோரு மாதக் குடித்தனம்

குத்தகைப் பதிவு ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தஞ்சாவூரில் நல்ல வெற்றிலை கிடைக்கும், வேண்டிய மட்டும் வசவு கிடைக்கும், வீடு மட்டும் கிடைக்காது. அப்போது ஆட்சி மாறிய புதிது. உழுகிறவன் பெயரை ஏட்டில் ஏற்றிவிட்டால் மிராசுதார் நினைத்தபோதெல்லாம் அவனை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்தது. அந்த ஏட்டை எழுதுவதற்கு என்னைத் தர்மபுரியிலிருந்து தூக்கி இங்கே போட்டார்கள். மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டை கட்டிய அனுபவம் உள்ளவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

சாவி

லாட்ஜில் தங்கிக்கொண்டு இரண்டு வாரம் வீடு தேடினேன். மனைவி விசாலமும் மகளும் ஊரில் பெட்டி கட்டி வைத்துக் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கப் பத்தே நாள். டவுனில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் கிராமத்தில் நிலம் இருந்தது. நிலத்தில் குத்தகைக்காரன் இருந்தான்.

கீழவாசல் பக்கம் ஒருவர் கிணறு, கொல்லை எல்லாம் காட்டி, சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் உத்தியோகம் என்ன என்று கேட்டார். சொன்னேன். சாவியை மெதுவாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்கு விட்டா வீடும் உங்க பேருக்குப் போயிடும்னு என் சம்சாரம்தான் பயப்படுறாங்க."

பெரிய மனசு

கடைசியில் வீடு கொடுத்தவர் கலியபெருமாள் என்ற மிராசுதார். கரந்தையில் அடுத்தடுத்து இரண்டு வீடு அவருக்கு. பதினோரு மாதம் இருக்கலாம், எழுத்து ஒன்றும் வேண்டாம், வாய்வார்த்தை போதும் என்றார். இப்படியும் ஒரு மனுஷர் உண்டா என்று நெகிழ்ந்துபோய் ஆபீசில் சொன்னேன். தலைமைக் குமாஸ்தா ஃபைலைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "அவரு நிலம் மொத்தமும் நம்ம சரகத்துலதான்யா இருக்கு. உன்னை ஏன் வேணாம்பாரு?"

கேழ்வரகு

எங்கள் ஊரில் ராத்திரிச் சாப்பாடு களிதான். இங்கே வந்த முதல் வாரமே மகள் களி கேட்டு அழுதாள். பார்க்கிற இடமெல்லாம் நெல் காய்கிற ஊரில் கேழ்வரகுக்காக நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யாருக்காவது உடம்பு சரியில்லீங்களா?"

அத்தாட்சி

ரேஷன் கார்டு வாங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கலியபெருமாள் காபி கொடுத்தார், கையெழுத்துக் கொடுக்கவில்லை. நமக்குள் எழுத்து எதற்கு என்று சிரித்தார். மூன்று தடவை நடந்தேன். ரேஷன் ஆபீஸ்காரர் எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர், தினமும் என்னைப் பார்க்கிறவர். "நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு எனக்கும் தெரியும் சார். அத்தாட்சி இல்லாம நான் எப்படி எழுதுறது?"

ஒன்பது வயல்

அதே வாரம் கோவிந்தசாமி என்ற விவசாயி மனுவோடு வந்தார். இருபது வருஷமாகக் குத்தகை சாகுபடி. ஆனால் ஒரு வயலில் இரண்டு மூன்று போகம் எடுத்தால் அடுத்த வயலுக்கு மாற்றிவிடுவார்களாம். எந்த வயலும் அவருடையது என்று சொல்ல முடியாதபடி ஒன்பது வயல் சுற்றியிருக்கிறார். நிலத்துக்காரர் பெயரைப் பார்த்தேன். கலியபெருமாள்.

அத்தாட்சி இல்லாமல் நான் எப்படி எழுதுவது என்று கேட்டேன். ரேஷன் ஆபீஸில் கேட்ட வார்த்தை அப்படியே என் வாயிலிருந்து வந்தது. கோவிந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நெல்லு அளந்தப்ப அவங்க சீட்டு குடுக்கலைங்க. கேட்டா எழுப்பிடுவாங்கன்னு நானும் கேக்கலைங்க."

நாலு எட்டு

பதினோராவது மாதம் கலியபெருமாள் வந்து, பக்கத்து வீட்டுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். விசாலம் கொல்லையில் போட்ட அவரைப் பந்தல் அப்போதுதான் பூ வைத்திருந்தது. அவள் அந்தப் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் ஏதாவது தப்பு செய்தோமா என்று கேட்டேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது. "எழுப்பலையே சார். நாலு எட்டு தள்ளி இருக்கச் சொல்றேன், அவ்வளவுதான்."

விசாரணை

புது வீட்டில் பாத்திரத்தை அடுக்கும்போது, கோவிந்தசாமியை என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று விசாலம் கேட்டாள். சொன்னேன். அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துடைத்து அடுக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அந்த மனுவை எடுத்துக்கொண்டு கோவிந்தசாமியின் கிராமத்துக்குப் போனேன். ஒன்பது வயலுக்கும் நடந்து, பக்கத்து வயல்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிராமலே பதில் சொன்னார். "எந்த வயலா இருந்தா என்னங்க? இருபது வருஷமா எங்களை நடவுக்குக் கூப்பிட்டது கோவிந்தசாமிதானே."

வெள்ளையடிப்பு

அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. மகளுக்குப் பரீட்சை நேரம். அவளை வைத்துக்கொண்டு மறுபடி எந்தத் தெருவில் போய் நிற்பது? இருந்தும் எழுதினேன். தாசில்தார் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட, கோவிந்தசாமி பெயர் ஏட்டில் ஏறியது. அந்த வாரமே கலியபெருமாள் வந்தார். கோபமே இல்லை, மகளுக்கு மிட்டாய்கூட வாங்கி வந்திருந்தார். "வீட்டுக்கு வெள்ளையடிக்கணும் சார்."

வண்டி

ரயிலடிக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது; ரேஷன் கார்டுக்கு வீட்டுக்காரர் கையெழுத்தும் கிடைத்தது. சாமான் ஏற்ற வந்த மாட்டு வண்டியை ஓட்டிவந்தவர் கோவிந்தசாமி. கூலி வாங்கிக்கொள்வதானால் ஏற்றலாம் என்றேன்; தலையாட்டினார். விசாலம் பழைய பந்தலில் முற்றிக் காய்ந்த அவரைக் காய்களைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து ஏறினாள். இது எத்தனாவது வீடு என்று கேட்டார் கோவிந்தசாமி. மூன்றாவது என்றேன். மாட்டைத் தட்டிவிட்டார். "மூணுதானுங்களா? நான் ஒம்போது பாத்தேன். பழகிடும்."

எத்தனையோ பேருக்கு உழும் இடத்தை ஏட்டில் எழுதிக் கொடுத்தேன். என் ரேஷன் கார்டில், ஓய்வு பெறும்வரை விலாசத்தை மட்டும் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.